தாய் ஊற்றும் உறை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே ‘பிறப்பும் வயிறும்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ தத்துவம் பேசப் போகிறேன் என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். நான் பேச வந்தது தத்துவம் அன்று. பிறந்த குழந்தையின் குடலில் முதன்முதலாகக் குடியேறும் நுண்ணுயிர்களைப் பற்றியும், குழந்தை பிறக்கும் வழியால் அந்தக் குடியேற்றம் எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். கவியரங்கத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே இப்படியும் ஒரு பொருளா என்று முகஞ்சுளிக்க வேண்டா. தாயைப் பாடாத கவிஞர் இந்த அவையில் ஒருவரும் இலர். இம்மேடையில் இதுவரை ஒலித்த தாய்க் கவிதைகளைத் தொகுத்தால் அதற்கே தனி மலர் போடலாம். அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே உண்மையில் என்ன கைமாறுகிறது என்று தெரிந்துகொள்வதால் பாடுகிறவருக்கு இழப்பேதும் இல்லை.

உயிரியல் ஆசிரியனாக இருந்தவன் என்றாலும், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ‘வயிறு’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு நாம் கருப்பையையும் குறிக்கிறோம், இரைப்பை குடல்களையும் குறிக்கிறோம். ‘பெற்ற வயிறு’ என்கிறோம். ‘வயிற்றுப்பிள்ளைக்காரி’ என்கிறோம். ‘ஒரு வயிற்றுப் பிள்ளைகள்’ என்கிறோம். பசித்தாலும் அதே வயிறுதான். உடற்கூறு நூல்கள் இரண்டையும் தனித்தனி அறைகளாகப் பிரித்துக் காட்டின. பேச்சுவழக்கோ பிரிக்காமலே வைத்திருந்தது. இன்றைய ஆய்வு சொல்வது என்னவென்றால், குழந்தையின் குடலுக்கு வந்து சேரும் முதல் செல்வம் பெரும்பாலும் தாயின் குடலிலிருந்து வருகிறது என்பதே. வயிற்றிலிருந்து வயிற்றுக்கு! இதனால் நம் முன்னோர் நுண்ணுயிரியல் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லி மகிழும் மேடைகள் வேறே இருக்கின்றன. மொழி தற்செயலாகச் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கருப்பைக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் நுண்ணுயிர் இல்லை என்பதுதான் நெடுங்காலக் கொள்கை. 1885ஆம் ஆண்டு மியூனிக் நகரில் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர், பிறந்த சிசுக்களின் மலத்தை நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்தார். கருத்துப் பிசுபிசுக்கும் முதல் மலத்தில் ஒன்றையும் காணவில்லை. சில மணி நேரத்தில் உயிர்கள் தோன்றிப் பெருகுவதைக் கண்டார். அவர் கண்டவற்றுள் ஒன்றுக்குத்தான் பிற்காலத்தில் எஷரிக்கியா கோலை என்று அவர் பெயரையே இட்டார்கள். பதினைந்து ஆண்டுக்குள் பாரிசின் பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி டிசியே என்பவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைக் கொம்பு போலப் பிளந்த ஓர் உயிரைக் கண்டார். அதுவே பிஃபிடோபாக்டீரியம். இடையில், 2014இல் நஞ்சுக்கொடியிலும் நுண்ணுயிர்க் கூட்டம் உண்டு என்று அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்து பரபரப்பூட்டியது. 2019இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 500க்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்து, அங்கே அப்படிக் கூட்டம் எதுவும் குடியிருக்கவில்லை, முன்பு கண்டவற்றில் பெரும்பகுதி சோதனைப் பொருள்களில் ஒட்டியிருந்த மாசு என்று காட்டினார்கள். ஆக, குடியேற்றம் பிறப்பு வேளையில்தான் தொடங்குகிறது என்றே இன்றும் கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டு அடுப்படியே போதும். காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி மோர் ஊற்றுகிறோம். அதை உறை ஊற்றுதல் என்கிறோம். அந்த ஒரு கரண்டிதான் விடிவதற்குள் பாத்திரம் முழுவதையும் தன்வயமாக்குகிறது. உறை ஊற்ற மறந்தால் பால் வெறுமனே இருந்துவிடாது. காற்றிலும் கரண்டியிலும் இருந்த ஏதோ ஒன்று புகுந்து தன் விருப்பம்போலத் திரித்துவிடும். அம்மா பக்கத்து வீட்டிலிருந்து உறைமோர் வாங்கிவரச் சொல்லும்போது, ‘அவங்க வீட்டுத் தயிர் புளிக்காது’ என்று வீடு குறித்துச் சொல்லி அனுப்புவாள். வீட்டுக்கு வீடு உறை வேறு.

தாய் ஊற்றும் உறையும் அப்படியே. 2010இல் வெனிசுவேலா நாட்டில் 9 தாய்மாரையும் அவர்களின் 10 பிள்ளைகளையும் பிறந்த வேளையிலேயே சோதித்தார்கள். இயல்பான வழியில் பிறந்த பிள்ளைகளின் மேல் தாயின் பிறப்புவழியில் வாழும் லாக்டோபாசில்லஸ் போன்றவை இருந்தன. வயிற்றைத் திறந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளின் மேல் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை இருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் உலகெங்கும் பேசப்பட்டது.

பெரிய ஆய்வு 2019இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. நிறைமாதத்தில் பிறந்த 596 குழந்தைகள். அவர்களுள் 314 பேர் இயல்பாகவும் 282 பேர் சிசேரியன் அறுவையிலும் பிறந்தவர்கள். அவர்கள் செய்ததை ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் வட்டத் தோழர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரு திருகாணியில் குறை கண்டால் அது எந்தக் கம்பெனியிலிருந்து, எந்த லாட்டில் வந்தது என்று எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள் அல்லவா? அதுபோல நுண்ணுயிரின் மரபணு எழுத்துகளைப் படித்து, குழந்தையிடம் இருக்கும் இந்தக் கிளை தாயிடமிருந்து வந்ததா, வேறிடத்திலிருந்து வந்ததா என்று தேடினார்கள். அதில்தான் இந்த அவையில் சொல்லத் தயங்கும் செய்தி கிடைத்தது. குழந்தையின் குடலில் நிலைத்து நின்றவை பிறப்புவழி உயிர்கள் அல்ல. தாயின் மலத்திலிருந்து வந்தவை.

இடக்கரடக்கல் அறிந்த அவை இது. அவையில் சொல்லத்தகாததை வேறு வாய்பாட்டால் சொல்க என்று இலக்கணம் நமக்குக் கற்பித்திருக்கிறது. என் செய்வது! இயற்கை இடக்கரடக்கல் பயின்றதில்லை. பெண்ணுடலின் அமைப்பே அப்படி: இரு வாயில்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிள்ளை வெளிவரும் அழுத்தத்தில் தாயிடமிருந்து சிறிது மலம் வெளிப்படுவது பேறு பார்க்கும் செவிலியர் அனைவரும் அறிந்தது. அதற்காக நாணிக் குறுகிய தாய்மார் எத்தனையோ பேர். அந்த நாணத்துக்குரிய துளிதான் உறை. அதிலிருந்து பிள்ளைக்குக் கிட்டும் உயிர்களுள் முதன்மையானது பாக்டீராய்டிஸ் என்ற இனம். சிசேரியன் குழந்தைகளிடம் அது மிகக் குறைவாக இருந்தது அல்லது இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக மருத்துவமனைச் சூழலில் உலவும் என்ட்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை இடம்பிடித்திருந்தன. ஆறு முதல் ஒன்பது மாதத்திற்குள் இரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் மறைந்தது. பாக்டீராய்டிஸ் மட்டும் பின்தங்கியே இருந்தது.

நிற்க. இது ஏன் நமக்கு?

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிறப்புகளில் 44.9 சிசேரியன். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் இது 34.1. அகில இந்திய அளவு 21.5தான். மாநிலங்களுள் தெலுங்கானாவுக்கு அடுத்து நாம் நிற்கிறோம். அரசு மருத்துவமனையில் 36, தனியார் மருத்துவமனையில் 63.8. ஒரே மாநிலத்துப் பெண்களின் உடல், வாசல் மாறினால் இவ்வளவு மாறிவிடுமா? 10 விழுக்காட்டுக்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய்சேய் இறப்பு மேலும் குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. நாம் அதைத் தாண்டி நெடுந்தூரம் வந்துவிட்டோம்.

இராமானுசர் பிறந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன். சித்திரைத் திருவாதிரை வந்தால் ஸ்ரீபெரும்புதூர் முழுவதும் திருவிழா. அன்று நாள் பிள்ளையைத் தேடி வந்தது. இன்று பிள்ளைக்கு நாள் குறிக்கிறார்கள். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன நட்சத்திரத்தில் இன்ன நாழிகைக்குள் எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்கும் குடும்பங்கள் உண்டு. இணங்கும் மருத்துவர்களும் உண்டு. நோவே கண்டிராத, பனிக்குடம் உடையாத நிலையில் எடுக்கப்படும் பிள்ளைக்குத் தாயின் உறை கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நோவு கண்டு, பனிக்குடம் உடைந்து, இடையில் சிக்கல் நேர்ந்து அறுவைக்குப் போன பிள்ளைக்கு ஓரளவேனும் கிடைத்திருக்கும். நல்ல நேரம் என்பதைச் சோதிடர் ஒரு கணக்கில் பார்க்கிறார். உடல் வேறு கணக்கில் பார்க்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு தடுப்பணை போட்டாக வேண்டும். சிசேரியன் தீது என்று நான் சொன்னதாக யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடக் கூடாது. 2018–20 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்திய அளவில் 97 பேர். இந்த நிலைக்கு வந்ததில் தக்க நேரத்தில் எடுத்த கத்திக்கும் பங்குண்டு. குறுக்கே கிடந்த பிள்ளையோடு மாட்டுவண்டியில் செத்துப்போன பெண்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தக் காலத்துக்கு ஏங்குகிற கவிதைகளை நான் மதிப்பதில்லை.

இன்னொன்று. ஆஸ்துமா, ஒவ்வாமை, உடற்பருமன் ஆகியவை சிசேரியன் பிள்ளைகளிடம் சற்று மிகுதி என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உடன் காணப்படுவதெல்லாம் காரணம் ஆகிவிடாது. தாயின் உடல்நிலை, அறுவைக்கு முன் செலுத்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, பாலூட்டல் தாமதம், எல்லாம் ஒரே மூட்டையில் வருகின்றன. அறுவைக்கு முன் தாய்க்கு ஏற்றும் அந்த மருந்து, கொடி அறுபடுவதற்குள் பிள்ளைக்கும் போய்விடுகிறது. புண் சீழ்ப்பிடிக்காமல் காப்பதும் அதுவே, உறையைக் குலைப்பதும் அதுவே. தெளிவூட்டும் ஆய்வொன்று டென்மார்க்கிலிருந்து 2020இல் வந்தது. 700 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிசேரியனில் பிறந்து, ஒரு வயதாகியும் குடல் உயிர்க்கூட்டம் தேறாமல் பழைய நிலையிலேயே நின்ற பிள்ளைகளிடம்தான் ஆறு வயதில் ஆஸ்துமா மிகுந்திருந்தது. ஒரு வயதுக்குள் தேறிவிட்டவர்களிடம் அந்த மிகுதி காணப்படவில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, எப்படிப் பிறந்தது என்பதைக் காட்டிலும், பிறந்தபின் அந்த ஓராண்டில் என்ன கிடைத்தது என்பதே.

கிடைக்க வேண்டியதில் தலையாயது பால். இதில் எனக்கு ஆராத வியப்பு ஒன்று உண்டு. தாய்ப்பாலின் திடப்பொருள்களில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்து மூன்றாம் இடத்தில் இருப்பவை சிறுதொடர்ச் சர்க்கரைகள். குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. செரிக்க முடியாத ஒன்றைத் தாயுடல் அரும்பாடுபட்டு ஏன் சமைக்கிறது? உண்பவர் வேறு. டிசியே கண்ட அந்தக் கவட்டை வடிவ உயிரினத்திற்கு அது தனி விருந்து. தாய் ஒரே மார்பில் பிள்ளைக்கும் ஊட்டுகிறாள், பிள்ளையின் வயிற்றில் குடியிருப்போர்க்கும் ஊட்டுகிறாள். பாலிலும் தோலிலும் முத்தத்திலும் தாயின் உயிர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. நெதர்லாந்தில் 120 தாய்சேய் இணைகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். சிசேரியன் பிள்ளைக்குத் தாயின் குடலிலிருந்து வரும் பங்கு குறைகிறபோது, பால்வழி வரும் பங்கு ஏறக்குறைய அதை ஈடுகட்டுகிறது என்று கண்டார்கள். ஒரு வாய்க்கால் அடைபட்டால் இன்னொரு மடை திறக்கிறது. திறப்பதற்கு நாம் இடங்கொடுக்க வேண்டும்.

இடங்கொடுக்கிறோமா? முதல் மணி நேரத்திலேயே பிள்ளையைத் தாயின் மார்பில் போட வேண்டும் என்பது உலகளாவிய விதி. முதுகில் மயக்க மருந்து ஏற்றிய அறுவையில் தாய் விழித்தே இருக்கிறாள்; பெரும்பாலும் அங்கேயே தோலோடு தோல் சேர்த்து அணைக்க வைக்கலாம். நடைமுறையில் பிள்ளை ஓரிடம், தாய் ஓரிடம். சீம்பால் ஆகாது என்று பிழிந்து கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரும் தேனும் சேனை என்ற பெயரில் நாக்கில் வைக்கிறார்கள். நல்ல குணமுடைய மாமன் விரலால் சேனை வைத்தால் அவன் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் வருமோ தெரியாது. விரலில் உள்ளது வரும்.

கிழக்கே ஒடிசாவில் நடந்த வேலையையும் சொல்ல வேண்டும். ஒரகடத்துக் கம்பெனிகளில் ஒடியா பேசும் இளைஞர்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்கள் நாட்டுக் கிராமங்களில் பினாகி பாணிகிரகி என்ற மருத்துவ அறிஞரின் குழுவினர் 4,556 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து, 2017இல் வெளியிட்டார்கள். பிறந்த முதல் வாரத்தில் பாதிப் பேருக்கு ஏழு நாள் மட்டும் லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்ற உயிரை அதற்குரிய உணவோடு சேர்த்து வாயில் புகட்டினார்கள். மற்றவர்க்கு வெறும் போலி மருந்து. இரண்டாம் மாதத்திற்குள் இரத்த நச்சேற்றமோ இறப்போ நேர்ந்தவர்கள் போலி மருந்துப் பிரிவில் 9 விழுக்காடு, உயிர் புகட்டிய பிரிவில் 5.4 விழுக்காடு. பயன் வெளிப்படையானதால் திட்டமிட்ட எண்ணிக்கை நிறைவதற்கு முன்பே ஆய்வை நிறுத்தினார்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டு மருந்துக் கடையில் கண்ட பொட்டலத்தை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே கொடுத்தது குறிப்பிட்ட ஓர் உயிர்க்கிளை, மருத்துவர் கண்காணிப்பில். பின்லாந்தில் 2020இல் தாயின் மலத்திலிருந்தே சிறிதளவு எடுத்து, நோய்க்கிருமி இல்லையென்று கடுமையாகச் சோதித்து, பாலில் கலந்து 7 சிசேரியன் பிள்ளைகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். குடல் உயிர்க்கூட்டம் தேறியது. வீட்டில் யாரும் இதைச் செய்துவிடக் கூடாது என்று அவர்களே எச்சரித்தார்கள். நானும் எச்சரிக்கிறேன்.

இனி நம் நிலத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இப்பகுதியின் முகம் மாறிவிட்டது. 2006இல் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இடையில் 2014இல் நோக்கியா மூடியது. அங்கே இருபது வயதில் செல்போன் பூட்டிய பெண்கள் இன்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்று அவர்களின் தங்கைமார், அக்காள் மகள்மார் அதே சாலையில் பேருந்து ஏறுகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். ஒரு பேரூரின் மக்கள்தொகை! அந்தப் பெண்களில் மிகப் பலர் இனிமேல்தான் மணந்து, இனிமேல்தான் பெறப் போகிறவர்கள். அவர்கள் பிறப்பிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் இவ்வளவு நேரம் பேசியது.

சட்டம் 2017இல் திருத்தப்பட்டு மகப்பேற்று விடுப்பு, முதல் இரு பிள்ளைகளுக்கு, 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய ஆறு மாதத்துக்கு ஏறத்தாழச் சரியான அளவு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இருமுறை இடைவேளை உண்டு. ஆனால் அந்த மகப்பேற்று விடுப்புக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு ஒப்பந்தக்காரரிடம் மாறிக்கொண்டேயிருக்கும் பெண்ணுக்கு அந்த 80 நாளை யார் எழுதி வைக்கிறார்கள்? காப்பகம் தொழிற்சாலையில் இருந்தாலும், விடியற்காலை நாலு மணிக்குக் கைக்குழந்தையைக் கம்பெனிப் பேருந்தில் தூக்கிவர எந்தத் தாய் துணிவாள்? பிழிந்தெடுத்த பால் குளிர்பெட்டியில் நாலு நாள் வரை கெடாது. பிழிவதற்கு ஒரு மறைவறையும் கால்மணி நேரமும் வேண்டும். 2015இல் அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தது. பேருந்து நிலையத்தில் முடிந்தது உற்பத்திக் கூடத்தில் முடியாதா? கன்வேயரின் வேகத்தை நொடிக் கணக்கில் அளக்கத் தெரிந்தவர்களுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கத் தெரியாமல் போகாது.

கவிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அது சொல்லைப் பற்றியது. ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். இருபது மணி நேரம் துடித்துப் பெற்றாலும் அதற்குப் பெயர் சுகம். மற்றதற்குப் பெயரே இல்லை. ‘ஆபரேஷன்’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். ‘சுகப்பிரசவமா?’ என்று கேட்கப்படும்போது தலைகவிழும் பெண்ணை நான் கண்டிருக்கிறேன். ஏழு அடுக்கு அறுத்துத் தைத்த வயிற்றோடு மறுநாளே எழுந்து நின்று பால் கொடுப்பவள் என்ன குறைவாகச் செய்துவிட்டாள்? இந்த ஆய்வுகளையும் அவள்மேல் எறியும் கல்லாக ஆக்கிவிட வேண்டா என்பதே என் அச்சம்.

அதேபோல் ‘கிருமி’. நம் மொழியில் கிருமி என்றால் நோய்தான். நமக்குள் கோடானுகோடியாய் வாழ்ந்து நம்மை வாழவைக்கும் இவற்றை அந்தப் பெயரால் அழைப்பது நன்றியன்று. ‘நுண்ணுயிர்’ பாடநூல் சொல், தாலாட்டில் நிற்காது. ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். கொடி பிறந்த நிமிடமே அறுபடுகிறது. அறுந்த பின்னும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டேயிருக்கும் இந்த உறவுக்குத் தமிழில் இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் என் அடுப்படி அறிவுக்கு எட்டியவரை ‘உறை’ என்றேன். உறைதல் என்பதற்குத் தங்கி வாழ்தல் என்றும் பொருள் உண்டு. ஆகையால் அவ்வளவு மோசமில்லை என்று நினைக்கிறேன். இதனினும் நல்ல சொல் உங்களில் யாருக்கேனும் தோன்றினால் அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்கக் காத்திருக்கிறேன்.

நேரமாகிவிட்டதென்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கவியரங்கத்துக்கு வழிவிடுகிறேன்.